ஊற்றாத ஒரு செம்பு

அந்தக் கோட்டைக்கு என்னை அழைத்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, நான் அண்ணையின் ஒரே தம்பி. மற்றது, எங்கள் குடும்பத்தில் பிரெஞ்சு தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

என் பிரெஞ்சு கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து டோர்வலில் பொறுக்கியது. விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கி அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் அப்போது எனக்கு எட்டாவது வருடம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். தட்டை இங்கே வை, அது சூடு, நாளைக்கு வரமாட்டேன், யார் கதவைத் திறந்து விட்டது என்பவை எல்லாம் எனக்குச் சரளமாக வரும். அதற்கு வெளியே மெட்ரோ, தெப்பனர் என்கிற மூலைக்கடை, பிள்ளையின் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம். லாசாலில் குடியிருந்து டோர்வலில் வேலை செய்கிறவனுக்கு அது போதும். ஒரு கோட்டைக்குப் போதாது.

லண்டனில் இருக்கும் அண்ணைக்கு அறுபது வயது நிறைந்தது. அறுபதாம் கலியாணம் செய்வதென்று முடிவாகி, அண்ணையின் மகள் இணையத்தில் தேடி, பிரான்சில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய கோட்டையை ஒரு கிழமைக்கு எடுத்திருந்தாள். லண்டன்காரருக்கும் ஜெர்மனியில் இருக்கும் அக்கா குடும்பத்துக்கும் அது நடுவாம். மொன்றியலில் இருந்து பார்த்தால் எதுவும் நடுவில்லை. என் மனைவிக்கு இன்னும் கடவுச்சீட்டு வரவில்லை, அதனால் நான் தனியாகப் போனேன். கோட்டையின் தொலைபேசி இலக்கத்தைத் தடித்த பேனையால் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனேன். அந்த இலக்கம் வேறு எவரிடமும் இருக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோட்டை என்றால் ஒரு கோபுரமும் பதினொரு அறைகளும் கொண்ட பெரிய கல்வீடு. சுவர்கள் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அதற்குள் எவருடைய கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. சுற்றிலும் திராட்சை, இடுப்பளவு உயரத்தில், வரிசை வரிசையாக, கண் முடியும் இடம் வரைக்கும். "எங்கட முந்திரிகைப் பந்தல் மாதிரி நிமிந்து பாக்கத் தேவையில்லை, குனிஞ்சு பாக்கவேணும்" என்றார் அத்தான். அவர் அக்காவின் கணவர்; ஊரில் திராட்சையை முந்திரிகை என்போம். வாடகை வானை ஓட்ட அவருக்கு மட்டுந்தான் அனுமதி இருந்தது. பாண் கடைக்கு நடந்து போவதென்றால் ஒரு மணித்தியாலம். பின்னேரம் ஆனதும் காவலுக்கு இருந்த பிரெஞ்சுக்கார அம்மா வந்து இரும்புப் படலையைப் பூட்டிவிட்டுத் தன் சிறிய வீட்டுக்குப் போய்விடுவார். அவரை நாங்கள் மதாம் என்றே கூப்பிட்டோம்.

முதல் நாள் கோபுரத்து யன்னலில் நின்று பார்த்தபோது அழகாக இருந்தது. மூன்றாம் நாள் வரிசைகளை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

மதாம் படியேறும் சத்தம் கேட்டாலே வீடு முழுக்க என் உறவுமுறைகள் எழும்பும். "சித்தப்பா, மதாம்!" "மாமா, மதாம்!" "டேய், அவா வாறா, ஓடிவா!" குளியலறையில் சுடுதண்ணீர் வரவில்லை, குப்பையை எந்தப் பெட்டிக்குள் போடுவது, மண்டபச் சுவரில் மாட்டியிருந்த மான்தலைக்குக் கீழே துணி காயப்போடலாமா, எல்லாவற்றையும் நான் கேட்கவேண்டும். மொன்றியலில் பேருந்து அட்டையைக்கூட மனிதரிடம் வாங்காமல் இயந்திரத்திடம் வாங்குகிறவன் நான். மதாம் என்னுடைய கிபெக் பிரெஞ்சைக் கேட்டு முதலில் சிரித்தார், பிறகு மெதுவாகப் பேசப் பழகினார். நல்ல மனிசி.

வெட்கப்படுகிறவனுக்குச் சமையலறைதான் வசதி. அங்கே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கலாம். நான் விமானக் கொம்பனியில் பெரிய சமையல்காரன் என்று லண்டனிலும் ஜெர்மனியிலும் பேச்சு இருந்தது. உண்மையில் எட்டு வருடமாக நான் தட்டின் இடது பக்கத்தில் தக்காளித் துண்டு வைக்கிறவன். ஆனாலும் வந்த அன்றே சோற்றுப் பானையை என்னிடம் தந்துவிட்டார்கள். நானும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை அண்ணி என்னோடு நின்று பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். அண்ணையின் மனைவி அதிகம் பேசாதவர். அன்றைக்குத் தானாகவே சொன்னார்.

"தம்பி, எனக்குத் தாலி கட்டினது எங்கையெண்டு தெரியுமே?"

"கொழும்பில எண்டு தெரியும் அண்ணி."

"பதிவுக் கந்தோரில. நாட்டில குழப்பம், ரயில் ஓடாத கிழமை. ஊரிலையிருந்து ஒரு சனமும் வரேல்லை. கந்தோர்க் கிளாக்கர்தான் சாட்சி. கொண்ணை தாலியைக் காற்சட்டைப் பொக்கற்றிலையிருந்து எடுத்துக் கட்டினவர்." காயை முறித்துச் சட்டிக்குள் போட்டார். "கூறை இல்லை, மணவறை இல்லை. ஆரும் ஒரு பிடி அரிசி போடேல்லை. பிள்ளையளுக்குச் சிரிப்பு, கிழவிக்கு ஏன் கலியாணம் எண்டு. நான் வெள்ளிக்கிழமைக்காக எத்தினை வருசமாக் காத்திருக்கிறன் எண்டு அதுகளுக்கு என்ன தெரியும்."

அறுபதாம் கலியாணம் பிறந்த நட்சத்திரத்தில் செய்வது. அது வெள்ளிக்கிழமை காலை வந்தது. பாரிசிலிருந்து ஐயர் வியாழன் பின்னேரம் ரயிலில் வருவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது.

அது வாசல் மண்டபத்தில், மான்தலைக்குக் கீழே ஒரு மேசையில் இருந்தது. மண்டபத்தில் அண்ணை சாய்மனைக் கதிரையில் காலை நீட்டியிருந்தார். அக்கா நிலத்தில் இருந்து மாவிலைக்குப் பதிலாகத் திராட்சை இலையில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தா. அத்தான் அதற்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். மணி அடித்தால் மதாமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடுத்தேன்.

என் மனைவி. அங்கே காலை ஆறு மணியாக இருக்கவேண்டும்.

"இஞ்சேருங்கோ, பக்கத்தில ஆக்கள் நிக்கினமோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. ஊரிலையிருந்து இப்ப போன் வந்தது. லண்டனுக்கு அடிச்சு அடிச்சுப் பாத்திட்டு, ஆரும் எடுக்கேல்லையெண்டு எங்களுக்கு அடிச்சிருக்கினம். பெரியப்பா மோசம் போட்டார். விடியப்புறம். படுக்கையிலதானாம்."

நான் மான்தலையின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேக்குதோ?"

"ஓம்."

"நான் உங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடாது போல. என்ன செய்யிறது, எனக்குத் தனிய வைச்சிருக்க ஏலாமல் போச்சுது. இனி அவையளுக்குச் சொல்லுறதோ விடுறதோ நீங்கள்தான் யோசிக்கவேணும். வெள்ளிக்கிழமையெல்லோ?"

"ஓம். சரி. ஓம்."

வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணை கேட்டார், "என்னவாம்?"

"வீட்டில தண்ணிக் குழாய் ஒழுகுதாம்."

அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அத்தான் நூலை விட்டுவிட்டு எழும்பினார். "எந்தக் குழாயாம்? குசினியோ பாத்ரூமோ? குசினியெண்டால் கீழ பெட்டிக்குள்ள ஒரு அடைப்பு இருக்கும், அதைப் பூட்டச் சொல்லு." இரண்டு நாளும் அவர் அந்தக் குழாயை விடவில்லை. எனக்கு ஒரு படம் வரைந்தும் தந்தார்.

பெரியப்பா எங்கள் அப்பாவின் அண்ணன். அப்பாவும் அம்மாவும் போனபிறகு எங்கள் மூன்று பேருக்கும் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே பெரியவர். தபால் அதிபராக இருந்து இளைப்பாறியவர். மாதம் தவறாமல் எங்கள் மூவருக்கும் தனித்தனியாக எழுதுவார். வேலைக்குப் போகும் பேருந்தில் வாசிப்பதற்காக அவருடைய கடைசிக் கடிதத்தை மேற்சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தேன். அது என்னோடு பிரான்சுக்கு வந்திருந்தது.

தமிழ் ஆட்களுக்கு நான் துடக்கு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தகப்பனின் அண்ணன் செத்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் தீட்டு. கோயில் இல்லை, விளக்கு இல்லை, கலியாணம் இல்லவே இல்லை. அண்ணை லண்டனில் ஒரு கோயிலின் சபையில் இருக்கிறவர். ஆரும் துடக்கோடு வாசலை மிதித்தார்கள் என்று தெரிந்தால் கழுவச் சொல்லுகிற மனிதர். நான் வாய் திறந்தால் அந்த நிமிடமே தோரணம் அவிழும். பேந்து செய்யலாம் என்று சொல்லவும் வழியில்லை. அறுபது நிறைகிற நட்சத்திரம் திரும்பி வராது, கோட்டை திரும்பி வராது, மூன்று நாட்டில் இருக்கிற சனம் இன்னொரு முறை ஒரு வீட்டில் கூடாது. அண்ணிக்கு மறுபடியும் மணவறை இல்லை.

ஆனால் எங்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. துடக்கு கேட்டவனுக்குத்தான். கேளாதவனுக்குக் கேட்கும் வரைக்கும் இல்லை. இதைப் பெரியப்பாவே செய்து காட்டியிருக்கிறார். சாவுத் தந்தி வந்த நாளில் அந்த வீட்டில் கலியாணம் என்றால், தாலி கட்டி முடியும்வரை தந்தியை மேசை லாச்சிக்குள் வைத்திருந்துவிட்டு, பிறகு தானே கொண்டுபோய்க் கொடுப்பார். "லாச்சிக்குள்ள கிடக்குமட்டும் அது செய்தியில்லை, கடதாசி" என்பாராம். அரசாங்க உத்தியோகத்தில் அது குற்றம். அதனால்தானோ என்னவோ, அன்றைக்கு அந்தக் கலியாண வீட்டில் அவர் கை நனைக்கமாட்டார்.

ஆக, நான் இப்போது லாச்சி. கடதாசி எனக்குள் இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம், லாச்சிக்கும் துடக்கு.

கேட்டவுடன் தலைமுழுக வேண்டும். நான் மேலே போய் உடுப்போடு குழாயின் கீழ் நின்றேன். இறங்கி வரும்போது அண்ணையின் மகள் சிரித்தாள். "சித்தப்பா, காலமையும் குளிச்சனீங்கள்தானே?" சமையலறை வாசலில் நின்ற அண்ணி என் ஈரத் தலையைப் பார்த்தார்.

அடுத்த பிரச்சினை சோற்றுப் பானை. வெள்ளிக்கிழமைக்கான பலகாரமும் படையலும் வியாழன் காலையே தொடங்கவேண்டும். துடக்குக்காரன் அதில் கை வைக்கக்கூடாது. என்ன சொல்லி விலகுவது? எங்கள் வேலையிடத்தில் ஒரு சட்டம் உண்டு. கையில் சின்ன வெட்டு என்றாலும் நீல நிறப் பிளாஸ்டர் ஒட்டவேண்டும். சாப்பாட்டுக்குள் விழுந்தால் கண்ணில் தெரிவதற்காக நீலம். ஒட்டியவனைச் சாப்பாட்டுப் பக்கம் விடாமல் பெட்டி தள்ள அனுப்பிவிடுவார்கள். என் பைக்குள் எப்போதும் நாலைந்து கிடக்கும். ஒன்றை எடுத்து, வெட்டே இல்லாத இடதுகைச் சுட்டுவிரலில் சுற்றினேன்.

"விரல் வெட்டிப்போட்டுது அக்கா. எங்கட சட்டப்படி நான் இனிச் சமைக்கக் கூடாது."

"இது என்ன ஏரோப்பிளேனே, சட்டம் கதைக்கிறாய்!" அக்கா ஜெர்மனியில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்கிறா. "கொண்டா பாப்பம். ஆழமோ?"

"இல்லை, சின்னன்."

"சின்னனெண்டால் ஏன் குசினியை விட்டு ஓடுறாய்? காட்டடா. மூடி வைச்சால் சீழ் பிடிக்கும்."

நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். நாற்பத்தேழு வயது மனிதன். அக்கா என்னைச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு சுற்றுத் துரத்தினா. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசியில் அண்ணி, "விடுங்கோ மச்சாள், பலகாரம் நான் பாக்கிறன். அவர் தேங்காய் வாங்க வானில போகட்டும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. தேங்காய்ப் பையை நான் தொடாமல் அத்தானே தூக்கும்படி பார்த்துக்கொண்டேன். வழியெல்லாம் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார்.

அழவேண்டும் போல இருந்தது. பதினொரு அறை இருந்த அந்த வீட்டில் அதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. நான் அத்தானோடும் அவருடைய இரண்டு பெடியன்களோடும் ஒரே அறையில் இருந்தேன். குளியலறைக்கு எப்போதும் வெளியே இரண்டு பேர் நின்றார்கள். திராட்சை வரிசைகளுக்குள் போனால் செடி இடுப்பளவுதான், நான் போவது எல்லா யன்னலிலிருந்தும் தெரியும். ஒரு தடவை போனேன். "டேய், அங்க என்ன தேடுறாய்?" என்று அண்ணை கோபுரத்திலிருந்து கத்தினார்.

வியாழன் பகல் வெறும் போத்தல்களைக் கொடுப்பதற்காக மதாமிடம் போனேன். அவர் கோட்டையின் கீழ்த்தளத்தில் வைன் பீப்பாய்கள் வைத்திருக்கும் நிலவறையில் இருந்தார். இருட்டு, குளிர், புளிப்பு வாசம். சுகமா என்று வழக்கம்போலக் கேட்டார். சுகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் அப்பாவின் அண்ணன் இறந்துவிட்டார், மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்று வந்துவிட்டது. பிரெஞ்சில் சொன்னால் துடக்குப் பரவாது என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கவேண்டும். பெரியப்பா செத்ததை நான் முதன்முதலாக வாயால் சொன்னது அந்த மொழியில்தான்.

மதாம் ஒரு கதிரையை இழுத்துப் பீப்பாய்களுக்கு நடுவில் போட்டுவிட்டு, மேலே போய்க் கதவைச் சாத்தினார். கால் மணித்தியாலம் எனக்கு அந்த இடம் கிடைத்தது.

வெள்ளி காலை முற்றத்தில் மணவறை எழும்பியது. நான்கு தோட்டத்துக் குடைக் கம்புகள், அக்காவின் கூறைச்சேலை ஒன்று, திராட்சை இலைத் தோரணம். உள்ளே நெருப்பு மூட்டக்கூடாது என்று மதாம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முற்றத்திலும் தான் பக்கத்தில் தண்ணீர்க் குழாயோடு நிற்பேன் என்றார். எனக்கு அது பெரிய உதவியாகிவிட்டது. "மதாமுக்குப் பக்கத்தில ஒரு ஆள் வேணும், ஏதும் கேட்டால் சொல்ல" என்று சொல்லிவிட்டு முற்றத்து வளைவுக்கு வெளியே அவரோடு நின்றுகொண்டேன். கூப்பிடு தூரம், ஆனால் மணவறைக்கு உள்ளே இல்லை.

ஐயர் நல்ல கலகலப்பான மனிதர். "கோட்டைக்குள்ள கலியாணம், ராசா ராணிதான்!" என்றார். அண்ணைக்கும் அண்ணிக்கும், சடங்கு முடியும்வரை அவிழாத காப்புக் கயிறு கட்டுவதற்கு முன் நிமிர்ந்து, எல்லா ஐயர்மாரும் கேட்பதைக் கேட்டார்.

"துடக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒண்டும் இல்லை ஐயா" என்றார் அண்ணை, மூன்று கிராமத்துக்குக் கேட்கிறமாதிரி.

மதாமின் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர் என் சப்பாத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் காலை எடுக்கவில்லை.

ஓமம் முடிந்தது. கும்பத் தண்ணீர் வார்க்கும் நேரம் வந்தது. அண்ணையும் அண்ணியும் பலகையில் இருக்க, ஒவ்வொருவராகச் செம்பில் மொண்டு அவர்களின் தலையில் ஊற்றவேண்டும். அதற்கு முன் அண்ணை, "பொறுங்கோ, ஒரு கடிதம் வாசிக்கவேணும்" என்றார். மகள் எடுத்துக் கொடுத்தாள். நீல வான்கடிதம், பொடி எழுத்து. எனக்கு வாசிக்காமலே யாரென்று தெரிந்தது.

அண்ணை உரத்து வாசித்தார். பெரியப்பா இருவரையும் ஆசீர்வதித்திருந்தார். எழுபதாம் கலியாணத்துக்குத் தான் நேரே வந்து நிற்பதாகவும், அதற்குள் பல்லுக் கட்டிவிடுவதாகவும் எழுதியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். "தண்ணீர் வார்க்கும்போது எனக்குப் பதிலாகத் தம்பி முதலில் ஒரு செம்பு வார்க்கட்டும். அவன் கூட்டத்தில் பின்னுக்கு நிற்பான், இழுத்துக்கொண்டு வாருங்கள்."

அண்ணை கடிதத்தை மடித்துக் கண்ணைத் துடைத்தார். "கேட்டதெல்லே! எங்கையடா அவன்? வா, வந்து பெரியப்பாவின்ரை செம்பை ஊத்து."

நான் அசையவில்லை.

"உங்கை ஒளிச்சு நிக்கிறான் பாருங்கோ. சின்னனிலையும் உப்பிடித்தான்!" என்றா அக்கா.

பிள்ளைகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தார்கள். நான் கையை உருவினேன். ஊற்றினால், தெரிந்துகொண்டே துடக்குக் கையால் அண்ணியின் தலையில் ஊற்றியவனாவேன். ஊற்றாவிட்டால் பெரியப்பா கடைசியாகக் கேட்டதைச் செய்யாதவன். காரணம் சொன்னால் எல்லாம் முடிந்தது. மூன்று பக்கமும் சுவர், நாலாவது பக்கத்தில் மதாம்.

"எனக்கு ஏலாது அண்ணை" என்றேன்.

"என்னடா ஏலாது?"

"ஏலாது."

அத்தான், "மச்சான், விளையாடாதை" என்று மெல்லச் சொன்னார். அண்ணையின் முகம் மாறியது. என்னைவிட அவருக்குப் பதின்மூன்று வயது கூட. அப்பா இல்லாத வீட்டில் அவர்தான் எனக்கு அப்பா. என்னைக் கனடாவுக்கு அனுப்பி வைத்தவர். என்ன குறை வைத்தேன் என்று அவர் எண்ணத் தொடங்குவது எனக்குத் தெரிந்தது.

அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். திருநீறு இல்லாத என் நெற்றி, நான் நின்ற இடம், கையில் நீலப் பிளாஸ்டர், எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு காப்புக் கட்டிய தன் கையைப் பார்த்தார்.

"விடுங்கோப்பா" என்றார். "அவர் அங்க நிண்டு பாக்கட்டும். மச்சாள், நீங்கள் முதல் ஊத்துங்கோ. ஐயா, நேரம் போகுது."

அண்ணி அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா ஊற்றினா. தண்ணீர் அண்ணியின் முகத்தில் வழிந்தது. அவர் கண்ணை மூடவில்லை.

பிறகு அவர் கூறைச்சேலை உடுத்து வந்தார். அண்ணை தாலி கட்டினார், இந்த முறை தேங்காய்த் தட்டத்திலிருந்து எடுத்து. எல்லோரும் அரிசி போட்டார்கள். நான் வளைவுக்கு வெளியே நின்று பார்த்தேன். அண்ணி மணவறையில் இருந்த விதத்தைப் பார்த்தேன், இருபது வயதுப் பெட்டை மாதிரிக் குனிந்துகொண்டு. இரண்டு நாள் நான் வாயைப் பொத்தியது அதற்காகத்தான். அது போதுமென்று அப்போது நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு முன் மதாம் ஒரு வைன் போத்தலோடு அண்ணையிடம் போனார். நான் பின்னால் ஓடினேன். அவர் போத்தலைக் கக்கத்தில் இடுக்கி, அண்ணையின் இரண்டு கையையும் பிடித்து, முகத்தைத் தாழ்த்தி, மெதுவாகச் சில வார்த்தைகள் சொன்னார். உங்கள் பெரியவரின் இழப்புக்கு வருந்துகிறேன் என்று. இவர்களுக்கு இன்னும் தெரியாது என்று நான் நிலவறையில் சொன்னதை, சடங்கு முடியும்வரை என்று அவர் விளங்கியிருக்கவேண்டும்.

"என்ன சொல்லுறா?" என்றார் அண்ணை, என் முகத்தைப் பார்க்காமல்.

"நூறு வருசம் இருக்கட்டாம்."

"மெர்சி, மெர்சி" என்று அண்ணை பல்லெல்லாம் தெரியச் சிரித்து மதாமின் கையைக் குலுக்கினார். மதாம் என்னைப் பார்த்தார். பிறகு போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் எல்லோரும் சாப்பிட்ட காகிதத் தட்டுகளை நான் குப்பைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு நின்றபோது அண்ணி கூறைச்சேலையோடு வந்தார்.

"ஆரெண்டு இப்ப சொல்லாதேயும் தம்பி" என்றார். "ஐயர் வந்து காப்பைக் கழட்டட்டும். பேந்து சொல்லும்."

ஐயர் காப்பைக் கழற்றி, அத்தானோடு வானில் ரயிலுக்குப் போனார். வானின் சத்தம் படலையைத் தாண்டியதும் அண்ணி திரும்பி வந்தார்.

"இப்ப சொல்லும்."

"பெரியப்பா."

அண்ணி குப்பைப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடிதத்தை வாசிக்கேக்கை எனக்கு விளங்கினது. இல்லையெண்டால் நீர் ஊத்தியிருப்பீர்." மூடியைச் சாத்தினார். "எப்ப வந்தது?"

"புதன்."

"கொண்ணைக்குப் புதன் எண்டு சொல்லவேண்டாம். சொன்னால் என்ரை தாலியைக் கழட்டிக் கழுவச் சொல்லும் அந்த மனிசன்." அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது பகிடியாகத் தெரியவில்லை. "இரும், நான் சொல்லுறன்."

அவர் மண்டபத்துக்குப் போனார். நான் பின்னால் போனேன். அண்ணை மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இருந்தார். அண்ணி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, மொன்றியலிலிருந்து இப்போதுதான் தொலைபேசி வந்தது, எல்லோரும் வெளியே நின்றதில் சத்தம் கேட்கவில்லை, தம்பிதான் எடுத்தார் என்று சொன்னார். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத அண்ணி.

அண்ணை அழுதார். அக்கா வந்து அழுதா. நானும் அவர்களோடு சேர்ந்து புதிதாகக் கேட்டவன்போல இருந்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லகாலம், விடிய வரேல்லை" என்றா. "அந்த மனிசன் போயும் எங்களுக்கு இடைஞ்சல் தரேல்லை."

அண்ணை என்னைப் பார்த்தார். "அந்தாள் கேட்டது ஒரே ஒரு செம்பு" என்றார். "ஒரு செம்புத் தண்ணி."

எங்களுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. விமானச் சீட்டை மாற்ற முடியவில்லை. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு கோட்டையில், வாடிய தோரணத்துக்குக் கீழே, துடக்கோடு இருந்தோம். மதாம் வைத்த போத்தலை எவரும் திறக்கவில்லை. அண்ணை தேவையானதை மட்டும் என்னோடு பேசினார். "சுடுதண்ணி வரேல்லையெண்டு அவவுக்குச் சொல்லு." நான் சொன்னேன்.

மொன்றியலுக்குத் திரும்பி அடுத்த நாளே வேலைக்குப் போனேன். கை கழுவும் இடத்தில் மேற்பார்வையாளர் என் விரலைப் பார்த்து நிறுத்தினார். ஒட்டியதை மறந்தே போயிருந்தேன். கழற்றச் சொன்னார். உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயம் எங்கே?" ஆறிவிட்டது என்றேன். தக்காளிப் பக்கம் போகச் சொன்னார்.

அண்ணைக்கு இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் இதில் ஒருவருடைய பெயரும் இல்லை. பெரியப்பாவின் திவச நாளில் அவர் லண்டனிலிருந்து எனக்குப் போன் எடுப்பார். பழைய கோபம் இப்போது இல்லை, வயதும் ஆகிவிட்டது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார், பனியைப் பற்றிக் கேட்பார். வைப்பதற்கு முன் ஏதாவது ஒரு வழியால் அங்கே வந்துவிடுவார்.

"என்னவோ, நீ அண்டைக்கு அந்த ஒரு செம்பை ஊத்தியிருக்கலாம்."

"ஓம் அண்ணை."

"ஏனெண்டு இண்டைவரைக்கும் நீ சொல்லேல்லை."

"வெக்கமாக் கிடந்தது அண்ணை."

"வெக்கமோ! உனக்கு எல்லாத்துக்கும் வெக்கம்." கொஞ்சம் பொறுத்து, "இந்தா, அண்ணியோட கதை" என்று கொடுப்பார்.

அண்ணி அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டாச்சோ, மனிசி சுகமோ. அண்ணை அறையை விட்டுப் போகும்வரை காத்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு கேட்பார்.

"விரல் எப்பிடித் தம்பி?"

"மாறீட்டுது அண்ணி."